கதவைப் பூட்டாதவர்

26 டிச. 2007, புதன்
பனி, முழங்காலளவு. பார்க் எக்ஸ்டென்ஷன் கடைக்குப் போகேல்ல. பருப்பு, ஊருக்குக் கதைக்கிற போன் காட் நாளைக்கு.

மாதா கோயில் பொறுப்பு மரியதாசண்ணை போன் எடுத்தவர். சனிக்கிழமைப் பூசையில அர்ச்சிஷ்ட தோமஸ் ஆண்டகையின்ர சரித்திரம் நான் வாசிக்கோணுமாம். "இங்கிலாந்தில ஆயரா இருந்து, கோயிலுக்குள்ளேயே வெட்டுப்பட்டவர் பிள்ளை. ரெண்டு நிமிசம் காணும்." மன்றாட்டில தம்பியின்ர பேரும் போடச் சொன்னன்.

தம்பி மன்னாரில பாதர். குருப்பட்டம் எடுத்த நாளில இருந்து வீட்டில எல்லாருக்கும் அவர் "சுவாமி"தான். அம்மாவே முழந்தாளில நிண்டு அவற்ற கையைக் கொஞ்சினவ. நான் தம்பி எண்டு கூப்பிட்டுப் பதினைஞ்சு வருசம்.

27 வியாழன்
சரியான குளிர். காட் வாங்கினன். மகள் இன்ரநெற்றில பிரெஞ்சில வாசிக்க, நான் தமிழில எழுதினன். அரசனும் ஆண்டகையும் முந்தி நல்ல சிநேகிதராம். பேந்து கோயில் உரிமையில பிடுங்குப்பாடு. இந்தாளை ஒழிக்க ஒருத்தரும் இல்லையோ எண்டு அரசன் கோவத்தில கத்த, அவன்ர ஆக்கள் நாலு பேர் வாளோட வெளிக்கிட்டிட்டினம். துறவிமார் கதவைப் பூட்டப் போக, ஆண்டகை விடேல்லையாம்.
மகள்: "ஏன் விடேல்ல? அவருக்கு விசரே?"

சுவாமிக்குப் போன் எடுத்தன். ஷெல் சத்தம் எனக்கே கேட்டது. வெளிக்கிடுங்கோ எண்டு கெஞ்சினன்.
"கோயிலுக்குள்ள எழுபது குடும்பம் அக்கா. பூட்டிப்போட்டு எங்க போறது?"
எனக்கு விசர் வந்திட்டுது. "அப்ப அங்கேயே கிடந்து சாவுங்கோ!" போனை வைச்சிட்டன். போன் காட்டில இன்னும் 11 நிமிசம் மிச்சம்.

28 வெள்ளி
வேலை. டவுன்டவுன் ஹோட்டல் கிச்சினில ஒரு மூட்டை உருளைக்கிழங்கு உரிச்சன். மன்னிப்புக் கேக்க நாலு தரம் எடுத்தன். லைன் இல்லை.

பின்னேரம் சித்தப்பா அங்கயிருந்து எடுத்தார். ஷெல் விழேக்க சுவாமி கோயில் வாசலில நிண்டு சனத்தை உள்ளுக்கு எடுத்துக்கொண்டு நிண்டவராம். "எங்கட சுவாமி செத்துப்போனார் பிள்ளை."
நான் சொன்னபடியே.

29 சனி
ஆரிட்டயும் சொல்லேல்ல, மகளைத் தவிர. போய் வாசிச்சன். அரசன் கத்தின வரியை ரெண்டு தரம் வாசிச்சன். அவன் பேந்து மன்னிப்புக் கேட்டு வெறுங்காலோட ஆண்டகையின்ர கல்லறைக்கு நடந்து போனவன். நேரம் காணாதெண்டு அதை வெட்டியிருந்தன். தாளில இல்லாட்டியும் சொன்னன்.

பிறகு மன்றாட்டு. மரியதாசண்ணை வியாழனே ரைப் அடிச்ச தாள். "மன்னாரில் பணிபுரியும் நம் சுவாமியின் உடல் நலனுக்காக..."
சனம் முழுக்க: "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." நானும் சொன்னன்.
மகள் என்ர கையைப் பிடிச்சவள். "அம்மா, மாமா செத்திட்டார்தானே?"

வீடு. சப்பாத்தும் கழட்டேல்ல. காட் மேசையில கிடக்கு.
தம்பி, நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லையடா.