கணியம்பாடிக்குப் பிந்தி வந்த மருந்து

டாக்டரே,

இன்று காலை என் தோல் மண்டியில் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் என் மகன் புதிதாக ஒரு கார்பாலிக் சோப்பு வைத்திருந்தான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு வேலை ஓடவில்லை. நீங்கள் வாசலுக்கு வருமுன் அந்த வாடைதான் முதலில் வந்து சேரும். மாட்டு டாக்டராக நீங்கள் வேலூருக்கு வந்த நாளிலிருந்து என் மண்டிக்கு வராத வாரம் கிடையாது. ஆம்பூரில் பதனிடுகிறவர்களுக்குப் பச்சைத் தோல் வாங்கி அனுப்புகிறவன் நான். மாட்டைச் சாகாமல் காப்பாற்றுகிறவர் நீங்கள். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மாடுதான் பாய். நான் விட்டது உங்களுக்கு" என்று சிரிப்பீர்கள்.

அந்தக் கோடையில் கணியம்பாடிப் பக்கம் மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தன. காலையில் தண்ணீர் குடித்த மாடு மத்தியானம் இல்லை. தோல் மலிவாகக் கிடைக்கும் என்று மற்ற மண்டிக்காரர்கள் ஆளை அனுப்பிவிட்டார்கள். நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

"அந்த ஊர்த் தோல் ஒண்ணுகூட வாங்காதீங்க பாய். அடைப்பான் நோய்னு நெனைக்கிறேன். தொட்டவனையும் கொல்லும்."

"நெனைக்கிறீங்களா, நிச்சயமா தெரியுமா?"

"பட்டணத்து ஆராய்ச்சிசாலைக்கு ரத்தம் அனுப்பினாத்தான் தெரியும். எடுக்கத்தான் போறேன். வர்றீங்களா?"

வந்தேன். அந்த ஊர் விவசாயி முனுசாமியின் உழவு மாடு களத்தோரம் கிடந்தது. மூக்கில் உறையாத கறுப்பு ரத்தம். அவர் அதற்குள் கத்தியை இறக்கியிருந்தார். "மாடுதான் போச்சு சாமி, தோலாவது மிஞ்சட்டும்" என்று அழுதுகொண்டே அறுத்தார். நீங்கள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தீர்கள். அந்த இழுபறியில் கத்தி உங்கள் மணிக்கட்டைக் கீறியது. நீங்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் முனுசாமியின் கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினீர்கள். அதன் பிறகுதான் உங்கள் கை. மாட்டின் காதிலிருந்து ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்தீர்கள். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி, மாட்டைத் தோலோடு புதைத்த பிறகே வண்டியில் ஏறினீர்கள்.

சில நாள் கழித்து நீங்கள் மண்டிக்கு வந்தபோது மணிக்கட்டில் ஒரு கொப்புளம் இருந்தது. நடுவில் கரி மாதிரிக் கறுப்பு. கை தோள் வரை வீங்கியிருந்தது.

"வலிக்குதா?" என்றேன்.

"வலிக்கவே இல்லை பாய். அடைப்பான் கொப்புளம்தான் வலிக்காது. அதான் பயமா இருக்கு."

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பட்டணத்திலிருந்து தந்தி வந்தது. நோய் அடைப்பான்தான், மாடுகளுக்குத் தடுப்பு மருந்து ரயிலில் வருகிறது. உங்கள் வீட்டம்மா தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த மருந்தை இவருக்குப் போடக்கூடாதா?" என்று உங்கள் கம்பவுண்டரைக் கேட்டார். ஜுரத்தில் கண் மூடியிருந்த நீங்களே பதில் சொன்னீர்கள்: "அது மாட்டுக்கும்மா. நோய் வர்றதுக்கு முன்னாடி போடறது." அப்புறம் என் பக்கம் திரும்பி, "மருந்து வந்ததும் ஊருக்குக் கொண்டுபோக கம்பவுண்டருக்கு உங்க வண்டியைக் குடுங்க பாய். கூடவே நீங்களும் போங்க" என்றீர்கள். நீங்கள் என்னோடு பேசியது அதுதான் கடைசி.

மருந்துப் பெட்டி வந்து இறங்கியபோது நீங்கள் இல்லை. பாலாற்றங்கரையில் உங்களை எரித்த மறுநாள் நாங்கள் கணியம்பாடிக்குப் போனோம். ஊரே வண்டியை மறித்தது.

"ஊசி போடற டாக்டரே ஊசியால செத்துட்டாராமே! எங்க மாட்டையும் கொல்ல வந்தீங்களா?" என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைக் காட்டி, "தோல்காரன் எதுக்கு வந்திருக்கான், பாருங்கய்யா" என்றார். கம்பவுண்டர் மருந்துப் பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டார். மாடு செத்தால் லாபம் பார்க்கிறவன் என்ற பெயர் எனக்கு. நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்போது முனுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தன்னிடம் மிச்சமிருந்த ஒற்றைப் பசுவை ஓட்டி வந்தார். "கத்தி புடிச்சவன் நானு. செத்தது அவரு. எனக்கு ஒண்ணும் ஆவல, ஏன்னா என் கையைத்தான் அவரு மொதல்ல கழுவினாரு" என்றார். பசுவின் கயிற்றைக் கம்பவுண்டர் கையில் கொடுத்தார். "போடுய்யா ஊசி."

அவருக்குப் பின்னால் பாதி ஊர் வந்தது. மீதிப் பேர் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலையடிவாரம் போய்விட்டார்கள். அந்த மாடுகள் பெரும்பாலும் திரும்பவில்லை. அவற்றுக்குக் குழி வெட்ட நாங்கள்தான் போனோம். ஒரு வீட்டில் குழந்தைக்குப் பால் தர ஆடுகூட இல்லை. அந்தத் தாய் என்னைத் திட்டவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

இப்போது கோடைக்கு முன்பே மருந்து வந்துவிடுகிறது. பெட்டிக்கு இன்னும் என் வண்டிதான் போகிறது, நானும் போகிறேன். ஆனால் அந்தப் பொய்யும் ஊர் ஊராக நடந்துகொண்டேதான் இருக்கிறது. எங்கேயாவது ஒருவர், "ஊசியால டாக்டரே செத்தாராமே" என்று மாட்டைத் திருப்புகிறார். நான் அவர் பின்னாலேயே போய், என்னிடம் இருக்கிற ஒரே பதிலைச் சொல்கிறேன்:

"ஊசியால சாகலைய்யா. ஊசி வர்றவரைக்கும் சும்மா இருக்க அவருக்கு மனசு வரலை."

சிலர் நிற்கிறார்கள். சிலர் போய்விடுகிறார்கள்.