கேபிளில் வைத்த கை

ஜனவரி 6
பெயில். தேர்வு மையத்திலேயே முடிவுத் தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நெட்வொர்க், குறியாக்கம் எல்லாம் தேறியிருக்கிறேன். கொள்கை, சட்டம், நிர்வாகம் மூன்றிலும் மண். மார்ச்சுக்குள் இந்தக் கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்காவிட்டால் ஆபீசில் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டார்கள்.

ஜனவரி 7
ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. கணினியில் வைரஸ் பரவுகிறது, முதலில் என்ன செய்வாய்? நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவேன் என்று குறித்தேன். ஆறு வருடமாக நான் செய்கிற வேலை. தப்பாம்!

பயிற்சி வகுப்பு ஹெலன் மேடம், "மெக்கானிக் மாதிரி யோசிக்கிறே, வைஷாலி. மேனேஜர் மாதிரி யோசி. மொதல்ல மேல சொல்லு, அப்புறம்தான் கை வைக்கணும்" என்றார்.

என் கணவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வூடு எரிஞ்சிகினு கீது, ஓனருக்கு லெட்டர் எழுதுன்றாங்களா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 30
கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோவிலும் கொள்கைப் பாடம்தான். கை வைக்காதே, சொல். கை வைக்காதே, சொல்.

பிப்ரவரி 14
எங்கள் பிரிவு மொத்தமும் முட்டுக்காட்டில் படகு விடப் போய்விட்டது. ஷிப்டில் நான் மட்டும். பதினொன்று இருபதுக்கு ஒரு கணினியில் வைரஸ் புகுந்து கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. கேபிளில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். மேனேஜர் ஜெயக்குமார் சாருக்குப் போன் — எடுக்கவில்லை. மெயில். மறுபடி போன். பன்னிரண்டுக்குத்தான் கூப்பிட்டார். அதற்குள் முப்பத்தொரு கணினி போய்விட்டது.

"அறிவிருக்கா? கேபிள புடுங்க வேண்டியதுதானே! இதுக்கெல்லாமா பர்மிஷன்?"

எனக்கா தெரியாது? எனக்கா?

பிப்ரவரி 17
அறிக்கையை நானே எழுத வேண்டுமாம். முதலில் மேலாளருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஆபீஸ் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பக்க எண்ணோடு எழுதினேன். ஜெயக்குமார் சார் அந்த வரியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

மார்ச் 21
மறுதேர்வு. அதே கேள்வி வந்தது. கேபிள் இரண்டாவது விடை. மவுஸ் பிடித்த கை வெகுநேரம் நகரவில்லை. கடைசியில் "மேலாளருக்குத் தெரிவிப்பேன்" என்று குறித்தேன்.

பாஸ்.

மார்ச் 28
ஒப்பந்தம் நீட்டிப்பு இல்லை. காரணம் ஒரே வரி: அவசர நேரத்தில் உடனடியாகச் செயல்படவில்லை.

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது ஜெயக்குமார் சார் வந்தார். "பாஸ் பண்ணிட்டியாமே, சந்தோஷம்மா. அடுத்த வாரம் ஆடிட்டுக்கு வராங்க, பாஸ் பண்ணின ஆள் இங்க இருக்குன்னு காட்டணும். சர்டிபிகேட் ஒரு காப்பி குடுத்துட்டுப் போயேன்."

கொடுத்துவிட்டு வந்தேன்.