பால்காரரின் வண்டிச் சத்தம்

மாமாவுக்கு,

நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை.

“தோள் வலி சரியானதும் வந்து சேர்” என்று எழுதியிருந்தீர்கள். எலும்பு ஒட்டியபின் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும், கட்டிய பெண்டாட்டியை “நடிக்கிறா” என்று தெருவெல்லாம் சொன்னவரும் நீங்கள்தான்.

சாணார்பட்டியில் அக்கா வீட்டுக்கு வந்ததும் அவள் என்னை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

“எலும்பு ஒட்டி ஒரு வருசமாச்சும்மா. மூளைக்குத்தான் இன்னும் பயம் தெளியல. அது பயந்தா ஆறின எடமும் வலிக்கும். வலி பொய்யில்ல” என்றார். அழுகைதான் முதலில் வந்தது. பிந்தி வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இங்கே அக்காவின் மாட்டுப் பாலை எடுக்க வருகிறவரும் உங்களைப் போல ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். முதல் நாள் அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே இடது தோள் இறுகி, கையிலிருந்த டம்ளர் விழுந்தது. என் மூளை எதற்குப் பயப்படுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஓடி ஒளிந்தால் பயம் வளரும், நின்று பழகு என்றார் டாக்டரம்மா. தினமும் காலையில் வாசலில் போய் நின்றேன். “ஏன்டி இந்தப் பாடு, நான் ஊத்துறேன்” என்று அக்கா சொன்னாலும் விடவில்லை.

இன்று வண்டி வந்து நின்றது. நிறைந்த தூக்குவாளியை இடது கையாலேயே தூக்கி அவர் கேனில் பாலை ஊற்றினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

தோள் சரியாகிவிட்டது. வரமாட்டேன்.

இப்படிக்கு,
நடிக்கத் தெரியாதவள்