பெயர் இருந்த பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, அத்தானிடம்கூட. படித்ததும் கிழித்துவிடு. நீயும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று அம்மா உனக்கு எழுதி வைத்திருக்கிறாள், அந்த உறைக்குள்தான் இதைச் செருகப் போகிறேன். அவள் எழுதியதில் குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள் என்பது மட்டும் உண்மை.

நம் ஜெராக்ஸ் கடையில் முழுப் புத்தகம் நகலெடுக்க அப்பா விடமாட்டார், உனக்கே தெரியும். படிக்கிற பிள்ளைக்கு நாலு பக்கம் போடலாம், முழுசாப் போட்டா எழுதினவங்க வயித்துல அடிக்கிறது என்பார். எங்கள் கணக்கு டீச்சர் தானே எழுதி அச்சடித்த பயிற்சிப் புத்தகத்தைப் பள்ளி நூலகத்தில் இரண்டு வாரத்துக்கு எடுத்திருந்தேன். எனக்கு மட்டும்தானே என்று, அப்பா சாப்பிடப் போன நேரத்தில் முழுவதையும் போட்டுவிட்டேன். தாள் மிச்சமாகட்டும் என்று முதல் பக்கத்தை விட்டுவிட்டேன். டீச்சர் பெயரும், நகலெடுக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதும் அதில்தான் இருந்தன. அந்த நகலைப் பைண்டிங் மேசையில் மறந்து வைத்தேன். யாரோ தந்த நோட்ஸ் என்று நினைத்து அம்மா அதற்குச் சுருள் கம்பி போட்டு முன்னால் வைத்திருக்கிறாள், பிள்ளைகள் கேட்கக் கேட்கப் பதினோரு பிரதி போட்டும் கொடுத்திருக்கிறாள். நான் மறுநாளே பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

இன்று சாயங்காலம் டீச்சர் ஒரு பிரதியோடு கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. போட்டதுதான் போட்டீங்க, என் பேரை எதுக்குங்க எடுத்தீங்க என்று மட்டும் கேட்டார். அப்படி ஒரு பக்கத்தை நான் கண்ணாலயே பாக்கலீங்க என்றாள் அம்மா. அப்பா நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், என் கடையிலேயே இப்படிப் பண்ணிட்டியே, நாளையிலேருந்து அங்க வராதே என்று சொல்லிவிட்டார். அம்மா விரலில் இருந்த மையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன்.

போன் கூடத்தில் இருக்கிறது, அதில் பேச முடியாது. நான் என்ன செய்யட்டும் என்று எழுது. குழந்தைக்கு என் முத்தம். அம்மாவிடம் எதுவும் கேட்டுவிடாதே.

கதவு தட்டும் சத்தம். அப்பா. தூங்கிட்டியா கண்ணு, அந்தப் புத்தகம் உங்க ஸ்கூல் லைப்ரரில இருக்காமே, நாளைக்கு எடுத்துட்டு வா, அந்தப் பக்கம் அதுல இருக்கா, உங்கம்மா சொல்றது நிஜமான்னு பாக்கணும் என்கிறார். அக்கா, அந்தப் புத்தகத்தின் மேல் தாளை வைத்துத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவைத் தாழ் போடவில்லை, தள்ளினால் திற