கதவைத் திறந்தவன்

மார்ச் 3, செவ்வாய்

சோதனை இயந்திரம் இன்றும் நின்று நின்றுதான் ஓடியது. டிஸ்கில் சுமை ஏற்றினால் விக்கல் வந்தது போல ஒரு நொடி உறைகிறது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல நடிக்கிறது. மென்பொருள் வெளியீட்டுக்கு முன் காரணத்தைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் நேரத்தைத் தின்பது யார் என்று பார்க்க, அளந்து காட்டும் ப்ரொஃபைலரை ஓடவிட்டேன். கடிகாரம் அடிக்கடி கதவைத் தட்டும். அந்தக் கணம் உள்ளே ஓடுகிற நிரல் துண்டு, அதாவது ஃபங்ஷன், எது, அதை அழைத்தது எது, அதையும் அழைத்தது எது என்று முழு வரிசையையும் குறித்துக்கொள்ளும். அதுதான் ஸ்டாக் டிரேஸ். ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால், அதிகம் அகப்பட்ட பெயர்தான் குற்றவாளி.

அகப்பட்டது ஒட்டகம் எழுதிய ஃபங்ஷன். என் எதிர் மேசைக்காரன். கழுத்தை நீட்டிக்கொண்டு நடப்பதால் அந்தப் பெயர். நம்பவே முடியவில்லை. இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவன் எங்கள் மாடியில் வேறு யாரும் இல்லை.

மார்ச் 4, புதன்

திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஒட்டகம்தான். ப்ரொஃபைலர் வரைந்த படத்தை மேலாளரிடம் காட்டினேன். அவனுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறதாம். அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் படத்தை எல்லாருக்கும் காட்டுங்கள், முடிவெடுக்கலாம் என்றார். புதுப்பிக்க மாட்டார்கள் என்று அர்த்தம். ஆனால் அளவீடு அளவீடுதானே?

ஒட்டகம் வெகுநேரம் படத்தைப் பார்த்தான். "நான் எழுதின கோட் கதவைத் திறந்து விடுற இடம் மட்டுந்தாங்க. அதுக்கு முன்னாடி உள்ள யார் இருந்தாங்கன்னு பாருங்க" என்றான்.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் இதைச் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை என்றேன். இவர் சிரித்தார். இவர் மேல்மாடியில், டிஸ்கை இயக்கும் நிரலை எழுதுகிற டிஸ்க் டிரைவர் குழு. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அலுவலகம் என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளவும் கெர்னல்தான்.

மார்ச் 6, வெள்ளி

ஒட்டகம் பேசவில்லை. எனக்கும் சேர்த்துக் காபி எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 10, செவ்வாய்

அலுவலகத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால் மனசு அடங்குமா?

அவன் சொன்ன கதவு மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கெர்னலில் சில வேலைகள் எந்தக் குறுக்கீடும் வராதபடி கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும். அப்போது கடிகாரம் தட்டினாலும் உள்ளே கேட்காது. வெளியே காத்து நிற்கும். உள்ளே இருந்தவன் ஆற அமர வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவான். அடுத்து வருகிறவன் பாவம், கதவைத் திறப்பான். காத்திருந்த கடிகாரம் அவனைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டாக்கில் இருப்பது அந்தக் கணம் உள்ளே இருப்பவர்கள் மட்டும்தான். போனவன் பெயர் எப்படி வரும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இது எனக்குத் தெரியாததா? ஒரு பெயர் கிடைத்த அவசரம்.

எந்தக் கதவாலும் தடுக்க முடியாத குறுக்கீடு ஒன்று உண்டு. சோதனை இயந்திரத்தில் அது வாங்கிய நாளிலிருந்தே அணைந்து கிடந்திருக்கிறது. அதைப் போட்டு மறுபடி ஓடவிட்டேன். ஒட்டகத்தின் பெயர் அடியில் எங்கேயோ போய்விட்டது. உச்சியில் டிஸ்க் டிரைவரின் ஃபங்ஷன் ஒன்று — கதவைச் சாத்திக்கொண்டு, டிஸ்க் பதில் சொல்லும்வரை சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. எழுதியது யார் என்று பார்த்தேன்.

இவர்.

மார்ச் 11, புதன்

நேற்று வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். பதறிப்போவார் என்று நினைத்தேன். ஆறுதல் சொல்லக்கூடத் தயாராக வந்தேன், பைத்தியக்காரி. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர் குழாயைக்கூட மூடவில்லை.

"தெரியும். நீ கதவுன்னு சொன்ன அன்னிக்கே தெரிஞ்சுது."

அன்றைக்கேவா? அப்படியென்றால் அந்தச் சிரிப்பு? தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாரே. உப்பு எடு என்றாரே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்துக்கொண்டா?

வெள்ளிக்கிழமை பழைய படத்தையே காட்டச் சொல்கிறார். குழுத் தலைவர் பதவி வருகிற நேரமாம். வெளியீடு முடிந்ததும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவாராம். அதற்குள் ஒட்டகத்தை அனுப்பிவிடுவார்களே என்றேன்.

"அவனுக்கு வேற வேலை கிடைச்சிரும். விடு."

விடு! என்ன மனுஷன் இவன்? எழுதும்போதே அவன் இவன் என்று வருகிறது. வரட்டும்.

மார்ச் 12, வியாழன்

இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதைக் காட்டப்போகிறாய் என்று இவர் ஒரு தடவை கேட்டார். எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு.

மார்ச் 13, வெள்ளி

புதிய படத்தைக் காட்டினேன்.

ஒட்டகம் நீட்டிய கழுத்தை அப்படியே வைத்திருந்தான். மேலாளர் இவர் பக்கம் திரும்பினார். இவர் படத்தை உற்றுப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், எல்லாம் முறையாகச் செய்தார்.

"இப்பத்தாங்க எனக்கே தெரியுது. என் தப்புதான்."

எவ்வளவு இயல்பாக வந்தது அந்த வார்த்தை! குரல் பிசகவில்லை. கூட இருந்த எனக்கே ஒரு கணம் உண்மை போல இருந்தது. செவ்வாய்க்கிழமை குழாயடியில் நின்று பேசியது யார்? இவருக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

படத்தை மட்டும் மூடினேன்.

மார்ச் 29, ஞாயிறு

இவர் எழுதிய திருத்தம் கெர்னலில் சேர்ந்துவிட்டது. குறை சொல்ல முடியாத திருத்தம். இப்போது கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் டிஸ்குக்குக் காத்திருக்கிறது. இயந்திரத்தின் விக்கல் நின்றுவிட்டது. ஒட்டகத்துக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள். காபி மறுபடி இரண்டு கோப்பையாக வருகிறது, கூடவே பேச்சும்.

பதவி இவருக்கே கிடைத்தது. தவறை எல்லார் முன்னிலும் உடனே ஒப்புக்கொண்ட குணத்தை மேலாளர் தனியாகப் பாராட்டினாராம்.

இன்று சாயங்காலம் இவர் சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்தார். எதுக்குச் சிரிச்சீங்க என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. இவர் போனைத் திருப்பிக் காட்டினார். யாரோ அனுப்பிய ஜோக்தான். கையில் வாங்கி, முழுதாகப் படித்துப் பார்த்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன்.