தனி மேசை

லங்காஸ்டர், பென்சில்வேனியா
22 ஏப்ரல் 2024

அன்புள்ள றெஜினா அக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்க ஞாயிறுதோறும் வேண்டுகிறேன். என் போன் நம்பரை மூன்று வருடமாக நீங்கள் பூட்டி வைத்திருப்பதால் தபால் முத்திரை வாங்கி எழுதுகிறேன். கிழித்துப் போட முன் ஒருதரம் வாசியுங்கள். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

இங்கே அமிஷ் என்றொரு கிறிஸ்தவக் கூட்டம் இருக்கிறது. அவர்கள் கார் ஓட்டமாட்டார்கள். அவர்களை வேலைக்கு ஏற்றி இறக்கும் வான் ஓட்டுவதுதான் என் தொழில். போன மாதம் மின்னல் விழுந்து ஒருவருடைய மாட்டுத் தொழுவம் எரிந்து சாம்பலாகிவிட்டது. நேற்று முன்தினம் சனிக்கிழமை, விடியவே இருநூறு ஆண்கள் வந்து இறங்கினார்கள். நானும் சுத்தியலோடு நின்றேன். மத்தியானத்துக்குள் மரச்சட்டம் முழுக்க எழும்பி, பொழுதுபட முன் கூரையும் போட்டாயிற்று அக்கா! ஒருவரையும் கெஞ்சிக் கூப்பிடவில்லை. தேதியை மட்டும் சொன்னார்களாம்.

ஒன்றுதான் நெஞ்சில் குத்தியது. சபை விலக்கி வைத்த ஒருவனும் வந்து வேலை செய்தான். ஊருக்கு ஊர் வழக்கம் வேறாம். இங்கே யாரும் அவனைத் தடுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரம் அவனுக்குத் தனி மேசை. அவனுடைய அக்கா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். நான் போய் அவன் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன்.

உங்கள் தம்பி,
லோறன்ஸ்


லா சப்பல், பாரிஸ்
6 மே 2024

லோறன்சுக்கு,

கிழிக்கவில்லை. முத்திரை வடிவாயிருந்தது, அதனால்தான்.

ஊரான் தொழுவத்துக்குக் கூரை போட்டாயாம், சந்தோஷம். கோயிலில் பிள்ளைகளின் முதல் நன்மை விருந்துக்கு முந்நூறு இறைச்சி ரோல் கேட்டு ஆட்கள் எங்கள் சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்க, "உங்கடை கடையை நீங்களே பாருங்கோ" என்று ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனவன் நீ. "இனி என்ரை மேசையிலை உனக்குச் சாப்பாடில்லை" என்று நான் சொன்னதும் நினைவிருக்கும். சொன்னது சொன்னதுதான்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மேல்வீட்டுத் தண்ணிக் குழாய் வெடித்துக் கடையின் சீலிங் முழுவதும் விழுந்துவிட்டது. நல்ல காலம், உள்ளே ஒருவரும் இல்லை. ஜூலை முதலாம் தேதி திறக்காவிட்டால் கட்டடச் சொந்தக்காரர் கடையை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறார். திருத்துகிற கொம்பனியோ செப்டெம்பர் என்கிறது. பதினாறு வருடக் கடை, தம்பி. உன் அமிஷ்காரருக்கு இருநூறு பேர் வருவார்கள். இஞ்சை ஆளுக்கு இரண்டு வேலை. எனக்கு யார் வருவார்கள்? கேட்டு நிற்கவும் எனக்கு வராது.

றெஜினா


லங்காஸ்டர்
20 மே 2024

அன்புள்ள அக்கா,

கேட்க வேண்டாம்! தேதியைச் சொல்லுங்கள். ஞாயிறு பூசை முடியக் கோயில் வாசலில் நின்று நாளும் நேரமும் மட்டும் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மரக்கறி வெட்டத் தொடங்குங்கள். ஒரே ஒரு புத்தி: கட்டளை போடும் மேசன் ஒருவர்தான், மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. இங்கே இருநூறு பேரும் ஒரு கிழவர் கையைக் காட்டிய பக்கம் போனார்கள். எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் நாலு பேரும் மேசன். பொபினியில் இருக்கும் தவரத்தினம் அண்ணை முப்பது வருடம் கட்டட வேலை செய்தவர். அவரைப் பிடியுங்கள்.

அந்த முந்நூறு ரோலையும் நீங்கள் தனியச் சுற்றியிருப்பீர்கள். வான் ஓட்டும்போதெல்லாம் அதுதான் கண்ணில் நிற்கிறது. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வராது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே நாங்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: பிழை என்னுடையது.

லோறன்ஸ்


லா சப்பல், பாரிஸ்
3 ஜூன் 2024

என் அன்புத் தம்பிக்கு,

நேற்றுப் பூசை முடிய வாசலில் நின்றேன். "இருபத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலமை ஏழு மணி. கடை திருத்திறம்." அவ்வளவுதான் சொன்னேன். சிலர் பஸ்ஸுக்கு நேரம் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. பிறகு எபினேயிலிருந்து பூசைக்கு வரும் சிசிலியா, "பெயின்ற் அடிக்கிறது நான், ஒருத்தரும் பிரஷ்ஷைத் தொடப்படாது" என்றாள். அவ்வளவுதான், தொடங்கிவிட்டார்கள்! முப்பத்தெட்டுப் பேர் லோறன்ஸ், முப்பத்தெட்டு! நான் அங்கேயே அழுதுவிட்டேன். இன்று காலை பக்கத்துக் கடை ழான்-லூக் ஏணியோடு வந்து நிற்கிறான். இன்னும் இருபத்தாறு நாள் கிடக்கிறது என்று திருப்பி அனுப்பினேன்.

நீ சொன்னது சரி, அதற்குள் ஏழு பேர் மேசனாகிவிட்டார்கள். தவரத்தினம் அண்ணை, "நான் சொல்லுறதைக் கேக்கிற ஆக்கள் மட்டும் வாங்கோ" என்று ஒரு சத்தம் போட்டார், அடங்கிவிட்டது. சீலிங்குக்குச் சட்டம் அடிக்கத்தான் அவருக்கு ஆள் காணாதாம். "சுத்தியல் பிடிக்கத் தெரிஞ்ச ஆரும் இருக்கோ, பிள்ளை?" என்று கேட்டார். "ஓம், ஒருத்தன் இருக்கிறான், தூரத்திலை" என்றேன்.

மத்தியானத்துக்கு ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, ரோலும்தான். இப்பவே கை துருதுருக்கிறது. எல்லாரையும் எங்கே இருத்துவது என்று அளந்து பார்த்தேன். எங்கள் கடை உனக்குத் தெரியும், நீட்டுக்கு ஒரு மேசைதான் போடலாம். தனி மேசைக்கு இடமில்லை.

நான் உன்னைக் கூப்பிடவில்லை. தேதியை மட்டும் சொல்கிறேன்.

உன் அக்கா,
றெஜினா