செத்துப்போன அம்மா நடந்து வந்த படம்

என் பின்படிக்கட்டு ராசாவே, அருளப்பா,

நீ போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் உனக்கு நினைவுப் பூசை வைத்தார்கள். திண்டிவனமே திரண்டு வந்துவிட்டது. மாதா கோவிலில் நிற்க இடமில்லாமல் ஜனம் மெயின்ரோடு வரைக்கும்... சரி, சரி, ஊதாதே. கோவில் நிறைந்திருந்தது. பின்னால் ரெண்டு பெஞ்சு காலி. போதுமா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நாம் யாரென்று சொல்லிவிடுகிறேன். நான் விழுப்புரம் கோதண்டம், டிரைவர். நீ திண்டிவனம் அருளப்பன், கண்டக்டர். இந்த ரெண்டு ஊருக்கும் நடுவில் ஒரே பஸ்ஸில் இருபது வருஷம் போய்வந்தவர்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, ரெண்டு விசில் என்றால் போ. இது எல்லோருக்கும் தெரியும். நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் நீ பின்னாலிருந்து ஒரு விசில் ஊதுவாய் பார், அது எனக்கு மட்டும். எத்தனை தடவை நான் அதை நிஜ விசில் என்று நம்பி பிரேக்கை மிதித்து, ஜனங்கள் முன்சீட்டில் போய் முட்டி, திட்டு வாங்கியிருக்கிறேன்!

நம் சண்டை என்ன சண்டை? கட்சிச் சண்டையா, சாதிச் சண்டையா? சினிமாச் சண்டை. அதிலும் நடிகர்களுக்காகச் சண்டை போடுகிறவன் ஊருக்கு ஆயிரம் பேர். நாம் டைரக்டர்களுக்காக மோதியவர்கள். உனக்கு ஒருத்தர், எனக்கு ஒருத்தர். பேர்கூடச் சொல்ல மாட்டோம். ‘உன் ஆளு’, ‘என் ஆளு’, அவ்வளவுதான். என் ஆள் படத்தில் ஜீப் பறக்கும், பஞ்சாயத்து கூடும், இடைவேளைக்குள் ரெண்டு கல்யாணம் முடிந்து ஒன்று முறிந்தும் போயிருக்கும். உன் ஆள் படத்தில் ஒருத்தன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். வெளியே மழை பெய்யும். அவன் பார்ப்பான். காசு கொடுத்து வந்த நாமும் பார்க்க வேண்டும்.

“யோவ் அருளு, நானும் அவன்மாதிரி ஜன்னலையே பாத்துக்கினு ஒக்காந்திருந்தா பஸ்ஸு விக்கிரவாண்டி தாண்டுமாய்யா?”

“உன் ஆளு படத்துல ஹீரோ அழுவறதுக்கு முன்னாடி வயலின் அழுவுது. அதுக்கு இன்னா சொல்ற? கூட்டேரிப்பட்டு யாரும்மா? எறங்குங்க, எறங்குங்க.”

பஸ்ஸே ரெண்டாகப் பிரியும். வலது பக்க சீட்டெல்லாம் என் கட்சி, இடது பக்கம் உன் கட்சி. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய், வாக்குவாதம் முடிந்ததும் எதிர்பஸ் பிடித்துத் திரும்பியவர்கள் உண்டு. மரக்காணத்திலிருந்து மீன்கூடையோடு வந்து திண்டிவனத்தில் நம் வண்டி ஏறுவார்களே அஞ்சலையம்மா, அவர்கள் சொன்னதுதான் தீர்ப்பு: “ரெண்டு பேரு சண்டையில என் மீனு நாறிக்கினு போவுது. ஜல்தி வண்டிய எடுப்பா. எவன் ஆளு பெரிய ஆளுன்னு வித்துட்டு வந்து சொல்றேன்.”

அப்புறம், என் ஆள் விக்கிரவாண்டியில் காரை நிறுத்தி, “டிரைவர் சார், அந்த வளைவை நீங்க எடுத்த அழகை என் படத்தில் வைக்கப் போறேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. இதைக் கேட்காத பயணி இந்த ரூட்டில் இல்லை. நீ ஒவ்வொரு தடவையும் ஊதினாய். “கண்ணாடி போட்ட ஒருத்தரு மயிலத்துக்கு வழி கேட்டாரு. அவ்ளோதான்” என்று அத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்தாய். அது அவராகவே இருந்திருக்கக் கூடாதா, அருளு? கண்ணாடி போட்டுத்தானே இருப்பார்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் உனக்கு நினைவிருக்கும். உன் அம்மா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. விசிலைத் தவிர நீ வேறெதற்கும் வாய் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை. நான் என் ஆளை எவ்வளவு உயரத்தில் தூக்கிவைத்தாலும் நீ ஊதவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. நம் வண்டி ஒர்க்ஷாப்பில் நின்ற ஒரு நாள், பகல் காட்சிக்கு உன்னைத் திண்டிவனத்துத் தியேட்டருக்கு இழுத்துப் போனேன். உன் ஆள் படம். நான் செய்த தியாகத்தைச் சரித்திரத்தில் எழுத வேண்டும்.

படத்தில் ஒரு பையன் பட்டணத்தில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறான். ஊரில் அம்மா. இடைவேளை முடிந்து வந்து உட்கார்ந்தால் அம்மா செத்துப்போகிறாள். கொள்ளி வைக்கிறான். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். திரை ஒரு நிமிஷம் இருண்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தோம். மறுபடி வெளிச்சம் வந்தால், பையன் பட்டணத்து அறையில் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறான். கதவு திறக்கிறது. செத்த அம்மா துணிப்பையோடு நடந்து வருகிறாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “சாப்ட்டியா?” என்று கேட்கிறாள். அவன் திரும்பவே இல்லை.

நீ குலுங்கிக் குலுங்கி அழுதாய். அன்றைக்குத்தான் உன் அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. வெளியே வந்து டீ குடிக்கும்போது, “செத்தவங்க வர்றாங்க கோதண்டம். வந்து கேக்கறாங்க. நாமதான் திரும்பிப் பாக்கறதில்ல. இன்னா டைரக்டர்யா என் ஆளு!” என்றாய்.

“செத்தவ எப்பிடிய்யா பஸ் புடிச்சு வருவா? உன் ஆளுக்கு மண்டையில நட்டு கழண்டுபோச்சு.”

“உனுக்குப் புரியாது வுடு. பசிக்குது, பரோட்டா சொல்லு.”

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாய். எங்கே சாப்பிட்டாலும், கை கழுவிவிட்டு வாசல் பக்கம் திரும்பி, மெதுவாக, “சாப்ட்டேம்மா” என்பாய். டெப்போ கேன்டீனிலும் சொல்வாய். உன் பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். ஏன் என்று கேட்டால் அந்தப் படத்தை, அந்தக் காட்சியை, அப்படியே சொல்வாய். படம் சில நாள்தான் ஓடியது. டிவியிலும் வரவில்லை. நீ மறுபடி அதைப் பார்க்கவே இல்லை.

போன வாரம் பூசை முடிந்து, கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு உன் வீட்டுக்குப் போனோம். உன் மகள் செலின், “மாமா, அப்பா சொன்ன படம் கெடச்சிருச்சு. நெட்ல ஒருத்தர் போட்டிருக்காரு. எறக்கி வெச்சிருக்கேன்” என்றாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பென்டிரைவை டிவியில் சொருகினாள். உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா தங்கச்சி, சென்னையிலிருந்து வந்த உன் மகன் சேவியர், நான். உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

படம் ஓடியது. அம்மா துணிப்பையோடு அறைக்கு வருகிறாள், “சாப்ட்டியா?” என்று கேட்கிறாள், அவன் திரும்பவில்லை. எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் அவள் உயிரோடுதான் இருக்கிறாள், அருளு! அதற்குப் பிறகுதான் செத்தாள். கொள்ளி வைத்தான். தனியாக உட்கார்ந்தான். படம் முடிந்துவிட்டது. செத்தவள் யாரும் வரவில்லை.

பிறகு சேவியர் சிரித்தான். “அப்பாவும் கோதண்டம் மாமா மாதிரிதானா? வுட்ட கதையா இது? நாம இத்தன வருஷமா அத நெசம்னு நம்பி...” செலின் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். தங்கச்சி உன் போட்டோவைப் பார்த்தாள், அதட்டிக் கேட்கிற மாதிரி.

நான் என்ன செய்வேன்? இருபது வருஷமாக என் பொய்யை ஊதி நிறுத்தியவனை, என் பேரைச் சொல்லிப் பொய்யன் என்கிறார்கள். அன்றைக்கு உன் பக்கத்து சீட்டில் இருந்தவன் நான் ஒருத்தன்தான். சாட்சி நான்தான். ஆனால் கோதண்டம் சாட்சி சொன்னால் எந்த ஊரில் எடுபடும்? எட்டாவதைப் பாதியில் விட்டவன், எட்டாவதில் முதல் மார்க் என்று அந்தப் பிள்ளைகளிடமே சொல்லி வைத்திருக்கிறேன்.

வாயைத் திறந்தேன். வழக்கம்போல நாலு யானையும் ரெண்டு புயலும் வரிசையில் வந்து நின்றன. கூட்டத்தைச் சேர்க்கலாமா, ஆபரேட்டரை யாராவது அடித்ததாகச் சொல்லலாமா? உன் விசில் கேட்குமா என்று பார்த்தேன். கேட்கவில்லை. அப்போதுதான் அருளு, நீ இல்லை என்பது எனக்கு உறைத்தது. அடக்கத்தன்றுகூட அவ்வளவு உறைக்கவில்லை.

நானே நிறுத்திக்கொண்டேன். நடந்ததை மட்டும் சொன்னேன்.

“பகல் ஆட்டம்மா. கூட்டமே இல்ல. அம்மா செத்தாங்க. ஸ்கிரீன் இருட்டாச்சு. அப்புறம் அம்மா வந்தாங்க. பின்னால துண்டு போட்ட ஒருத்தரு, ‘ரீலு மாறிப்போச்சு போல’ன்னாரு. உங்கப்பா திரும்பி, ‘சும்மா இரு சார், டைரக்டரு வேணும்னுதான் வெச்சிருக்காரு’ன்னாரு. அந்தாளு வாய மூடிக்கினாரு. அப்பல்லாம் படம் பெட்டி பெட்டியா ரீலா வரும். ஆபரேட்டரு பின்னால ஓட்ட வேண்டியத முன்னால ஓட்டிட்டாரு. இப்பதான் எனக்கே புரியுது. உங்கப்பா கண்ணால பாத்தத்தான் சொன்னாரு. நானும் பாத்தேன்.”

சேவியர் என்னையே பார்த்தான். “அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லப்பா. டீ குடிச்சோம். பரோட்டா சாப்ட்டோம்.”

தங்கச்சிதான் முதலில் பேசினாள். “அண்ணன் இதுல ஒண்ணுமே சேக்கலடா. சண்டகூட வெக்கல. அப்ப நெசந்தான்.”

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய விருது அது. உடனே செலின், “அப்ப அப்பா பாத்தமாதிரியே பாக்கலாம்” என்று ரிமோட்டை அழுத்தினாள். சாவை முன்னால் ஓட்டினாள். பிறகு பின்னுக்குத் தள்ளி, அந்த அறைக்கு வந்தாள். கதவு திறந்தது. செத்த அம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தாள்.

ஒத்துக்கொள்கிறேன், அருளு. சரியான வரிசையில் அது சாதாரணப் படம். நீ பார்த்த வரிசையில், என் ஆள் ஏழு ஜென்மம் எடுத்தாலும் அப்படி ஒரு காட்சி வைக்க முடியாது. உன் ஆளும் வைக்கவில்லை என்பது வேறு விஷயம். அப்படியானால் அந்தக் காட்சி யாருடையது? ஆபரேட்டருடையதா? நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அது உன்னுடையது என்றுதான் தோன்றுகிறது. அந்தத் துண்டு போட்டவரும் அதே படத்தைத்தான் பார்த்தார். அவருக்கு ரீல்தானே தெரிந்தது?

பிறகு சாப்பிட்டோம். பிரியாணி. முதலில் எழுந்து கை கழுவப் போனவன் சேவியர். துடைத்துக்கொண்டு வந்தவன், நாங்கள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வாசல் பக்கம் திரும்பி நின்று, “சாப்ட்டேம்ப்பா” என்றான்.

இதில் நான் எதையும் கூட்டவில்லை. ஊதாதே.

இங்கே புதுச் செய்தி என்றால், அந்தத் தியேட்டர் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. விக்கிரவாண்டியில் டோல்கேட். நம் ரூட்டில் இப்போது பஸ் பறக்கிறது, பயணிகள் ஆளுக்கொரு செல்போனில் ஆளுக்கொரு படம் பார்க்கிறார்கள், சண்டைக்கு ஆள் கிடைப்பதில்லை. டீக்கடையில் உன் கட்சிக்கும் நானே பேசுகிறேன். பேஜாரு என்னவென்றால், உன் கட்சிதான் ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு நினைவு நாளுக்கும் அந்தப் படத்தை நீ பார்த்த வரிசையிலேயே போடுவோம், கூட நான் இருப்பேன். உன்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் உள்ளது உள்ளபடிதான் பேசுவேன். என்னைப் பற்றிப் பேசும்போது எனக்கு நீ தேவைப்படுவாய். விசிலை வாயிலேயே வைத்திரு. நான் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன்.

நான் இன்னும் சாப்பிடவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன்.

உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமனும், உனக்கு ஆயுசுக்கும் எதிர்க்கட்சி மச்சானுமான,
முன்சீட்டு கோதண்டம்
விழுப்புரம்